நீலக்கோட்டு விமானத்துக்கு இரண்டு தாள்

மார்ச் 3

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். போனில் உன்னிடம் ஒன்று கேட்டால், "பார்க்காம சொல்ல மாட்டேன்" என்று ஒரே வரியில் வைத்துவிடுகிறாய். கடிதம் போட்டால்தான் உனக்கு வாய் திறக்கிறது. அத்தானுக்கு முட்டிவலி. விமானத்தில் ஏறும்போது மட்டும் அந்த வலி எங்கே போகிறதோ தெரியவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கம்பெனியின் ஒற்றை இன்ஜின் விமானத்தைப் பார்த்தாலே பயணிகளுக்கு முகம் சுருங்குகிறது. "தண்ணிக்கு மேல போறப்ப அது நின்னுட்டா?" என்று கேட்காத ஆள் இல்லை. அதனால் இரட்டை இன்ஜின் ஒன்று வாங்கப் போகிறோம். பெட்ரோலில் ஓடும் பிஸ்டன் இன்ஜின்தான். இரண்டு பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று நாலு பேர் உட்காரும் வெள்ளை. மற்றது ஆறு பேர் உட்காரும் நீலக்கோடு, டர்போ வைத்தது. அத்தானுக்கு நீலக்கோட்டின் மேல்தான் கண். என்னைக்கூட அவர் இத்தனை வருஷத்தில் அப்படிப் பார்த்ததில்லை.

வாங்குவது ஒரு நாள் கூத்து. அப்புறம் வைத்துக் காப்பாற்றப்போவது நான். எதற்குப் பராமரிப்பு குறைவு என்று நீயே போய்ப் பார்த்து எழுது. நீ விமான மெக்கானிக்காக இருந்து எனக்கு இதற்காவது உதவ வேண்டாமா?

உன் அக்கா


மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டையும் பார்த்துவிட்டேன். இரண்டு நாள் லீவும் போச்சு, முதுகும் போச்சு. வெள்ளைக்கு ஒரு தாள் எழுதியிருக்கிறேன். நீலக்கோட்டுக்கு இரண்டு தாள், நல்லது தனியாக, கெட்டது தனியாக. கலந்து எழுதினால் அத்தான் தனக்குப் பிடித்த வரியை மட்டும் படிப்பார்.

இன்ஜின் இரண்டானால் வேலை இரண்டு மடங்கு என்றுதானே நினைத்திருப்பாய்? அதற்கும் மேலே. மடங்கும் சக்கரம், புரொப்பெல்லரின் கோணத்தை மாற்றும் கருவி, ஹீட்டர் என்று ஒவ்வொன்றும் கை நீட்டும்.

வெள்ளை: இன்ஜினுக்கு நாலு சிலிண்டர். இரண்டுக்கும் சேர்த்துப் பதினாறு ஸ்பார்க் பிளக். டர்போ கிடையாது. நூறு மணி நேரம் பறந்ததும் ஒருமுறை முழுதாகத் திறந்து பார்த்து, நடுவில் எண்ணெய் மாற்றினால் வம்பு பண்ணாது. ஒரு இன்ஜின் நின்றால் உயரம் போகாது, பத்திரமாகக் கீழே கொண்டுவந்து சேர்க்கும். ஓட்டுவதற்குச் சப்பென்று இருக்கும். உரிமையாளருக்கு அதுதான் நல்லது.

(கையெழுத்து, லைசென்ஸ் எண்)

நீலக்கோடு, நல்லது: எப்போதும் கூரைக்கு அடியிலேயே நின்ற விமானம். இறக்கையில் துரு இல்லை. புரொப்பெல்லர் இரண்டும் சமீபத்தில் பிரித்துச் சரிசெய்தவை. சக்கரங்கள் மடங்குவதும் விரிவதும் கச்சிதம். பதிவேட்டில் ஒரு நாள்கூட விட்டுப்போகவில்லை. ஒரு இன்ஜின் நின்றாலும் மற்றதை வைத்து மலையைத் தாண்டும். இந்த வயதில் இவ்வளவு சுத்தமான உடம்பு உள்ள விமானத்தை நான் பார்த்ததில்லை.

(கையெழுத்து, லைசென்ஸ் எண்)

நீலக்கோடு, கெட்டது: சிலிண்டர் பன்னிரண்டு, பிளக் இருபத்து நாலு. டர்போவின் புகைக்குழாய் எந்நேரமும் பழுக்கக் காய்வதால் ஐம்பது மணி நேரம் பறந்ததும் ஒவ்வொருமுறையும் படுத்துக்கொண்டு விரிசல் தேட வேண்டும். இரண்டு வருஷமாகச் சரியாகப் பறக்கவில்லை. சும்மா நிற்கும் இன்ஜின் உள்ளுக்குள் துருப்பிடிக்கும். இதையெல்லாம்கூட விடு. மூக்குப் பகுதியில் உள்ள ஹீட்டர், தனியாகப் பெட்ரோல் குடித்து எரியும் அடுப்பு. அதன் குழாயில் விரிசல். காற்றை ஏற்றிப் பார்த்தேன், கசிகிறது. அதைப் போட்டால் புகை உள்ளே இருப்பவர்களுக்குத்தான் வரும். அந்த விஷத்துக்கு வாசனை கிடையாது. தலை வலிக்கும், தூக்கம் வரும், அவ்வளவுதான். ஹீட்டரை மாற்றாமல் ஓர் ஆளையும் ஏற்றக் கூடாது.

அக்கா, வெள்ளையை வாங்கு.

(கையெழுத்து, லைசென்ஸ் எண்)


ஏப்ரல் 20

அன்புத் தம்பிக்கு,

திட்டுவதை எல்லாம் ஒரே மூச்சில் திட்டிவிடு. நீலக்கோட்டை வாங்கிவிட்டோம். நீ எழுதியதை அத்தானுக்கு வரி விடாமல் படித்துக் காட்டினேன். "உன் தம்பிகிட்ட தள்ளுவண்டியக் காட்டினாலும் நாலு குறை சொல்லுவான்" என்று சிரித்தார். அவர் சந்தோஷத்தைப் பார்த்ததும் நானும் சரி என்றுவிட்டேன்.

அது கிடக்கட்டும், அக்காவுக்கு எழுதும் கடிதத்தில் தாளுக்குத் தாள் கையெழுத்தும் லைசென்ஸ் எண்ணும் எதற்குடா? நான் என்ன விமானத் துறை ஆபீசரா? அத்தானும் நானும் விழுந்து விழுந்து சிரித்தோம். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


ஏப்ரல் 29

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லா சிரிங்க. விமானத்தைப் பிரித்துப் பழுது பார்க்கும் எங்கள் ஹேங்கரில் கையெழுத்து இல்லாத தாள் மேசையைத் தாண்டிப் போகாது. ஒரு தாள் எங்கேயாவது தனியாகப் போனாலும் எழுதியவன் யார் என்று தெரிய வேண்டும். இருபத்தாறு வருஷப் பழக்கம், கை தானாகப் போட்டுவிடுகிறது.

வாங்கியது வாங்கியாச்சு, அதைப் பேசி என்ன லாபம்? ஹீட்டரை மட்டும் மாற்றிவிடு. புதுசை வரவழைத்து வை. நானே வந்து பூட்டித் தருகிறேன், சாப்பாடு போட்டால் போதும். குளிர்காலத்துக்கு முன்னால் சொல்.

தம்பி


செப்டம்பர் 12

அன்புத் தம்பிக்கு,

உனக்கு நிம்மதியான செய்தி. நீலக்கோட்டை விற்றுவிட்டோம். நீ சொன்னது அத்தனையும் நடந்தது. பறந்த நாளைவிடப் பிரித்துப்போட்ட நாள்தான் அதிகம். அத்தான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இப்போது வெள்ளையைப் பேசி முடித்திருக்கிறோம். நீலக்கோடு நல்ல கைக்குத்தான் போயிருக்கிறது, அதைப் பற்றி நீ கவலைப்படாதே. இனி அந்தப் பேச்சே வேண்டாம்.

உன் அக்கா


டிசம்பர் 8

அக்காவுக்கு,

வியாழக்கிழமை காலை எங்கள் ஹேங்கருக்கு ஒரு டாக்டரம்மா வந்தார். மலைக்கு அந்தப் பக்கம் உள்ள ஆஸ்பத்திரிகளுக்குத் தானே விமானம் ஓட்டிப் போகிறவர். கூட அவருடைய நர்ஸ். என் பெயரைச் சொல்லி, "அது நீங்கதானா?" என்று கேட்டார். நான்தான் என்றேன். பைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

என் கையெழுத்து. என் லைசென்ஸ் எண். நீலக்கோடு, நல்லது.

"இத நம்பித்தான் வாங்கினேன்" என்றார். குளிர் ஆரம்பித்ததும் ஹீட்டரைப் போட்டிருக்கிறார்கள். நர்ஸுக்கு வாந்தி. டாக்டரம்மாவுக்குத் தலை பிளந்திருக்கிறது. டாக்டர் என்பதால் என்னவென்று புரிந்து, ஹீட்டரை அணைத்துக் காற்றுத் துவாரத்தைத் திறந்து, கிடைத்த ஓடுதளத்தில் இறக்கிவிட்டார். இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தால் இரண்டு பேரும் தூங்கியிருப்பார்கள் என்று நர்ஸ் சொன்னாள். அதை என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"இதோட இன்னொரு தாள் இருந்துச்சும்மா" என்றேன். "எங்க?" என்று கேட்டார். என்னிடம் இல்லை. அக்காவுக்கு எழுதும் கடிதத்துக்கு எவன் நகல் எடுத்து வைப்பான்?

திங்கட்கிழமை விமானத் துறை ஆபீசர் வந்தார். லைசென்ஸை வாங்கிக்கொண்டு போய்விட்டார். இப்போது ஹேங்கர் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். கூட வேலை செய்கிறவர்கள் என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போகிறார்கள்.

அந்தத் தாளை எடுத்தது யார்? அத்தானா? அத்தான் என்றால் கோபித்துக்கொண்டு விட்டுவிடுவேன். நீ இல்லை என்று ஒரு வார்த்தை எழுது. எதுவாக இருந்தாலும் உண்மையைச் சொல். நமக்குள் இருக்கட்டும், யாரிடமும் போகாது.

தம்பி


டிசம்பர் 17

அன்புத் தம்பிக்கு,

அவர் இல்லை. நான்தான்.

டாக்டரம்மாவுக்கு முன்னால் மூன்று பேர் வந்தார்கள். மூன்று பேருக்கும் நீ எழுதிய இரண்டு தாளையும் கொடுத்தேன். இரண்டாவதைப் படித்ததும் மூன்று பேருமே காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். டாக்டரம்மா வந்தபோது முதல் தாளை மட்டும் கொடுத்தேன். மற்றதை அடுப்பில் போட்டேன். படித்தவர், வாங்கியதும் தானே சோதித்துப் பார்த்துக்கொள்வார் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். அத்தானிடம், "ஹீட்டர் விஷயத்தச் சொல்லிட்டேன், அவங்களே மாத்திக்கிறாங்களாம்" என்று சொன்னேன். அவர் இன்றுவரை அதைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்.

இரண்டு உயிர் போயிருக்கும் என்று நீ எழுதியதைப் படித்ததிலிருந்து அந்த அடுப்பைப் பற்றவைக்கவே எனக்கு மனசு வரவில்லை. ஆனாலும் ஒன்று கேட்கிறேன், கோபப்படாமல் கேள். நீ பார்த்தபோது ஹீட்டர் நன்றாக இருந்தது, விரிசல் பிறகு விழுந்தது என்று ஆபீசருக்கு எழுதிக் கொடுத்துவிடேன். பழுது எப்போது வந்தது என்று யாரால் சொல்ல முடியும்? லைசென்ஸும் உனக்குத் திரும்ப வந்துவிடும். எங்கள் கம்பெனியும் பிழைக்கும். எல்லாரும் தப்பித்துவிடலாம்டா.

உன் அக்கா


ஜனவரி 5

அக்காவுக்கு,

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. கடைசி வரிகளைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். நான் பார்க்காததைப் பார்த்தேன் என்று எழுதச் சொல்கிறாய். என் கையெழுத்தை ஒருமுறை எடுத்தது போதவில்லையா உனக்கு? முதல் தடவையாவது என்னைக் கேட்காமல் எடுத்தாய். இந்த முறை என்னையே போடச் சொல்கிறாயே, எப்படி மனசு வந்தது?

விசாரணையில், இன்னும் தாள்கள் இருந்தன என்பதற்குச் சாட்சியாக, ஆபீசரிடம் முதலில் உன் ஏப்ரல் கடிதத்தைத்தான் காட்டினேன். "இதுல ஹீட்டர்னு எங்க இருக்கு?" என்று கேட்டார். டாக்டரம்மா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் பொய் சொல்கிறேன் என்றே அவர் நினைக்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது. அப்போது உன் டிசம்பர் கடிதத்தை எடுத்து மேசையில் வைத்துவிட்டேன்.

யாரிடமும் போகாது என்று நான் எழுதியது நினைவில் இருந்தது. தெரிந்துதான் கொடுத்தேன். அவர்கள் உன்னிடம் வருவார்கள். அதற்கு முன்னால் அத்தானிடம் நீயே சொல்லிவிடு.

லைசென்ஸ் திரும்பி வந்ததும் செய்யச் சொல்லி, நீலக்கோட்டுக்கு ஹீட்டர் மாற்றும் வேலையை டாக்டரம்மா எனக்கே கொடுத்திருக்கிறார்.

தம்பி


ஜனவரி 24

தம்பிக்கு,

நீ சொன்ன மாதிரி அத்தானிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆபீசர் வந்துவிட்டார். எங்கள் ஹேங்கரில் எல்லார் முன்னாலும் என் கடிதத்தைப் படித்து, "இது உங்க எழுத்துதானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அத்தான் விமானச் சாவியை மேசையில் வைத்துவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனார். பன்னிரண்டு நாளாகிறது, இன்னும் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

டாக்டரம்மாவை நேரில் போய்ப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். உட்காரச் சொன்னார். நர்ஸ் உள்ளே வந்ததும் என்னால் உட்கார முடியவில்லை, வந்துவிட்டேன். உன் லைசென்ஸ் திரும்பி வந்துவிட்டது என்று அங்கேதான் தெரிந்தது.

நீ செய்தது சரி. உன்மேல் ஒரு தப்பும் இல்லை, யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் ஒன்று தெரிந்துகொள். தாளை எடுத்தது யார் என்ற அந்தக் கேள்வியை உன்னைத் தவிர வேறு யார் கேட்டிருந்தாலும், நான் எடுக்கவில்லை என்றுதான் எழுதியிருப்பேன்.

இதற்குப் பதில் போடாதே.

அக்கா