வாளியில் வந்த வெந்நீர்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம், அப்பாவின் தொப்பை அதைவிட நலம். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன், போனில் நீ சொல்வதைத்தான் நம்புவதில்லை.

போன வாரம் நம் கடலுக்கு மேலே ஒரு குட்டி விமானம் வந்தது. மின்நிலையம் கடலில் விடுகிற சுடுதண்ணீர் எதுவரை போகிறது என்று மேலிருந்தே படம் எடுக்க வந்தார்களாம். அந்தப் படத்தில் தொடாமலே சூடு தெரியுமாம், எனக்குப் பால் பாத்திரத்தையே விரல் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். அந்தச் சூடு நாம் கடலில் சிப்பி வளர்க்கிற கயிறுவரை வந்தால் குஞ்சுச் சிப்பி மொத்தமும் போச்சு, கயிற்றை இப்போது இடம் மாற்றினாலும் பாதி உதிர்ந்துவிடும். விமானத்துக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற காற்று கணக்கைக் கெடுக்கும், விமானம் பறக்கும்போதே கீழே யாராவது தண்ணீரை மொண்டு அளந்து சொன்னால் படத்தைத் திருத்திக்கொள்வோம் என்றாள் அவர்களோடு வந்த கேமராக்காரப் பெண். உன் அப்பா விடுவாரா, வாளியும் தெர்மாமீட்டருமாகப் படகை எடுத்துவிட்டார். நான் முன்னால் உட்கார்ந்து விமானத்தையே வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் அப்பா சொன்ன அளவை வைத்துப் படத்தைத் திருத்தினால் கடல் முழுக்கச் சிவப்பு, நம் கயிறு இருக்கிற இடமும் சிவப்பு, சிவப்பென்றால் சூடாம். கயித்தை எடுத்துடுங்கம்மான்னு அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள். அப்பா கயிற்றை அறுக்கக் கத்தியை எடுத்துக்கொண்டே, எனக்கு அப்பவே தெரியும், மொண்ட தண்ணியில கால் கழுவினேன், வெதுவெதுன்னு சுகமா இருந்துச்சுன்னார். எங்கே மொண்டீங்கன்னு கேட்டேன். இன்ஜின் பக்கம்தான், கைக்கு வாட்டமா இருந்துச்சாம்! இன்ஜினைக் குளிர வைத்த தண்ணீர் வெந்நீராகக் கொட்டுகிற இடம் அது. ஏங்க, இன்ஜின் குளிச்ச தண்ணியையா கடல்னு அளந்து கொடுத்தீங்கன்னேன். அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் டீ முழுக்க மேசையில்.

மறுநாள் மறுபடி பறந்தார்கள். இன்ஜினை அணைத்து, துடுப்புப் போட்டு, முன்பக்கம் நானே மொண்டேன். சுடுதண்ணீர் நாக்கு மாதிரி நீண்டு, நம் கயிற்றுக்கு முன்னாலேயே வளைந்து போய்விடுகிறது. கயிறு இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆனால் கேமரா கடலின் மேல்தோலை மட்டும்தான் பார்க்குமாம், அப்போது அடியில் எப்படி என்று எனக்கு மண்டை குடைகிறது, நீ யாரிடமாவது கேட்டு எழுது.

படம் ஒன்று வாங்கி இதோடு வைத்திருக்கிறேன். குளிர்ந்த கடலுக்கு நடுவில் பளிச்சென்று இரண்டு புள்ளி தெரியும், நாங்கள்தான். பெரியது அப்பா. அவ்வளவு உயரத்துக்கே எங்கள் சூடு எட்டியிருக்கிறது, நீ இருக்கிற இடத்துக்கும் எட்டுகிறதா பார்.

நோய் நொடியில்லாமல் நல்லா இரு. தலையைத் துவட்டாமல் வெளியே போகாதே.

இப்படிக்கு,
சின்னப் புள்ளி,
உன் அம்மா