வீட்டில் இருந்தார் என்று போட்டிருக்கிறார்கள்

இன்று காலை வடசேரி அச்சகத்தில் உன் முகத்தைப் பார்த்தேன். அஞ்சுகிராமத்து வாத்தியார் ஒருவரின் பதினாறாம் நாள் சடங்கான அடியந்திரத்துக்கு அச்சிடும் நினைவுப் புத்தகத்தின் ப்ரூஃப் வாங்கப் போயிருந்தேன். இயந்திரத்திலிருந்து அப்போதுதான் இறங்கிய யாரோ ஒருவரின் தாள்கள் மேசையில் அடுக்கியிருந்தன. ஈரம் போகாத மை வாசனை. ஒரு தாளை உருவி மூக்கில் வைத்துக்கொண்டு, "செத்தவியளுக்கு எடுத்த புதுத்துணி வாசமாக்கும் மக்கா இது" என்பாயே, அதே வாசனை. 

அச்சகக்காரர் வாத்தியாரின் ப்ரூஃபோடு இன்னொரு தாளையும் நீட்டினார். "அக்கா, இதையும் ஒரு தடவ பாத்துத் தாங்க. கத்தாருல இருந்து வாட்ஸப்புல வந்துது. ஓராண்டு நினைவு." தாளில் நீ சிரித்துக்கொண்டிருந்தாய். ஆதார் அட்டைக்கு எடுத்த படம்; சிரிக்கக் கூடாதென்று சொன்னபோது அடக்கியும் அடங்காத சிரிப்பு அது. கீழே எழுதியிருந்ததைப் படித்தேன். "அமைதியும் அடக்கமும் நிறைந்தவர். பெற்றோரைக் கடைசிவரை கவனித்துக்கொண்டு வீட்டில் இருந்தார்."

நீயா அமைதி? உங்கள் சபைக் கோயிலில் ஆராதனை முடிந்து வாசலில் செருப்பைக் கையில் எடுத்தபடி பேச ஆரம்பித்தால், அதைக் காலில் போட மறந்து தெருமுனை வரை வெறுங்காலோடு நடக்கிறவள் நீ. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். செத்தவர்களையெல்லாம் அமைதியானவர்களாக்குவது ஊர் வழக்கம். ஆனால் வீட்டில் இருந்தாளாம். அந்த இரண்டு சொற்களைப் பார்த்ததும் தாளைக் கிழித்துப் போடலாம் போல இருந்தது.

இதே அச்சகத்தில்தான் நாம் முதலில் பேசியது. நான் அப்போது எது கிடைத்தாலும் எழுதிக்கொண்டிருந்தேன். மயிலாடி சிற்பக்கூடத்துக்கு நந்தியையும் பிள்ளையாரையும் பற்றி இணையதள வரிகள், ஜவுளிக்கடை நோட்டீஸ், கல்லூரி மலருக்கு முதல்வரின் வாழ்த்துரை. ராசிபலன்கூட எழுதியிருக்கிறேன். உன்னிடம் என் விசிட்டிங் கார்டைக் கொடுத்தேன். 'அனைத்தும் எழுதித் தரப்படும்' என்று அச்சடித்திருந்தது. நீ அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய்.

"இது என்னட்டி, பலசரக்குக்கடை போர்டா? கண்ணுக்கு ஒரு டாக்டரு, காதுக்கு ஒரு டாக்டரு இருக்காவல்லா. எழுத்துக்கு மட்டும் என்னத்துக்கு எல்லாத்துக்கும் ஒரே ஆளு?"

எனக்குச் சுருக்கென்றது. "நீங்க எதுக்கு டாக்டரு?" என்று கேட்டேன்.

"பொணத்துக்கு" என்றாய், முகம் மாறாமல். அச்சகக்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

பிறகுதான் விளங்கியது. உங்கள் சபையில் அடக்க ஆராதனையின்போது, பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு, போதகர் பிரசங்கம் செய்வதற்கு முன்பு குடும்பத்தில் ஒருவர் எழுந்து வாழ்க்கைக் குறிப்பு வாசிப்பார். பிறந்தது, படித்தது, மணம் முடித்தது, பிள்ளைகள் எந்த நாட்டில் என்ன வேலையில் இருக்கிறார்கள் என்பது. மூத்தவன் மஸ்கட்டிலிருந்து விமானம் ஏறியிருப்பான், இளையவள் அழுது மயங்கிக் கிடப்பாள், அடக்கமோ மறுநாள் பிற்பகல். யார் எழுதுவது? குடையை மடக்கிக்கொண்டு நீ போவாய். கேட்டு எழுதிக் கொடுப்பாய். மகன் அதைத் தானே எழுதியது போல வாசிப்பான். சபை மூக்கைச் சிந்தும். உன் பெயர் எங்கேயும் இருக்காது.

ஒருநாள் ஒரு கிழவி செத்த வீட்டுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாய். நான் முன்னறையில் ஆண்களோடு உட்காரப் போனேன். கையைப் பிடித்து இழுத்தாய். "முன்னறையில பொய்தான் கிடைக்கும். அடுக்களைக்கு வா." அங்கே கட்டன்சாயா போட்டுக்கொண்டிருந்த மருமகளிடம் நீ பிறந்த தேதியைக் கேட்கவில்லை. "மாமி யாருகூட பேசமாட்டாவ?" என்று கேட்டாய். மருமகள் முதலில் திகைத்தாள், பிறகு சிரித்தாள், பிறகு அழுதாள். பக்கத்து வீட்டுக்காரியோடு வேலித் தகராறில் பேச்சு நின்றுபோயிருந்தது. ஆனாலும் வீட்டில் உளுந்தங்கஞ்சி வைக்கிற நாளெல்லாம் ஒரு தூக்குவாளி வேலிக்கு மேலே போகுமாம். மறுநாள் சபையில் அந்த வரியை வாசித்தபோது, கடைசி பெஞ்சில் இருந்த பக்கத்து வீட்டுக்காரி குலுங்கிக் குலுங்கி அழுதாள். "பத்துப் பாரா வீட்டுக்காரவியளுக்கு. ஒரு வரி செத்த ஆளுக்கு. அந்த வரிய விட்டுக்குடுக்கப்பிடாது" என்று வெளியே வரும்போது சொன்னாய்.

எனக்கு வழி காட்டியதும் நீதான். அதற்காக உன்னைத் திட்டாத நாளில்லை. "உங்க ஆளுவ அடியந்திரத்துக்குப் புஸ்தகம் போடுதாவல்லா? தேவாரம் அச்சடிச்சு, பேரன் பேத்தி பேரெல்லாம் போட்டு முடிச்சிருதாவ. செத்த ஆளு அதுல எங்கட்டி இருக்காரு? போய் அத எழுது." வயலுக்கு வரப்புப் போடுவது மாதிரி பங்கு பிரித்தாய். "நான் அடக்கம், நீ அடியந்திரம்." நல்ல பங்காளி நீ!

துறை பிடிபட்டுவிட்டது. தேடி வந்தார்கள். நெல்வயல் ஊர்களில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் மூன்றாம் நாள் என் போன் அடிக்கும். கூடவே இன்னொன்றும் பிடித்துக்கொண்டது. கல்யாண வீட்டில் என்னைக் கண்டால் கிழவர்கள் எழுந்து வேறு நாற்காலிக்குப் போகிறார்கள். ஆஸ்பத்திரியில் மாமனைப் பார்க்கப் போனபோது அத்தை வாசலிலேயே மறித்தாள். "ஏட்டி, நீ சும்மா வந்தியா, இல்ல வேலையாட்டு வந்தியா?" இதை உன்னிடம் சொல்லி அழுதேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "ஸ்பெஷலிஸ்ட் ஆயிட்ட மக்கா. இனி உன்ன ஒருத்தரும் அசைக்க முடியாது." சிரிப்பு அடங்கிய பிறகு, "எனக்கும் வெப்ராளம் உண்டு, கேட்டியா. வெளிய காட்டுகதில்ல" என்றாய். அந்த மனவேதனை என்னவென்று சொல்லாமல் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாய். நானும் தோண்டவில்லை.

போன வருஷம் மழைக்காலத்தில் காய்ச்சலென்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் நீ திரும்பவில்லை. உன் வாழ்க்கைக் குறிப்பை நான் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே எழுத ஆரம்பித்துவிட்டேன். வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை. நீ சொன்ன அளவில்தான் எழுதினேன். அப்பா அம்மாவைக் கவனித்தது, ஞாயிறு பள்ளியில் பாடம் எடுத்தது, அண்ணன் கத்தாரில் இருப்பது எல்லாம் அவர்களுக்கு. உனக்காக ஒரு வரி: 'இந்தச் சபையில் நாம் கேட்டு அழுத பல வாழ்க்கைக் குறிப்புகளை எழுதியவர் இவர்.'

உன் அண்ணன் விமான நிலையத்திலிருந்து நேராக வந்தவர், சட்டைகூட மாற்றவில்லை. நின்றபடியே படித்தார். கண் கலங்கியது, அதை நான் மறைக்க மாட்டேன். பிறகு தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"நல்லா இருக்கு சிஸ்டர். ஆனா இது வேண்டாம். அவியவிய தாங்களே எழுதினதாட்டுல்லா வாசிச்சது? இப்பம் போயி நான் இத வாசிச்சா எத்தன குடும்பத்துக்குக் கொறச்சலு? அதுபோக, செத்த வீட்டுல எழுதிப் பிழைச்சான்னு எனக்க தங்கச்சியப் பத்தி நானே சொல்லணுமா?"

அவர் சொன்னதில் நியாயமே இல்லையென்று சொல்ல முடியவில்லை. அதுதான் இன்றைக்கும் எரிகிறது. "எழுதினவ பேரு தெரிஞ்சா அது துக்கம் இல்ல, கூலின்னு ஆயிரும்" என்று நீயே சொல்லியிருக்கிறாய். உன் வார்த்தையே உனக்கு எதிராக நின்றது.

பழைய குறிப்பு ஒன்றில் ஊரையும் பெயரையும் மாற்றி யாரோ கொடுத்ததை வாசித்தார்கள். அமைதி, அடக்கம், வீட்டில் இருந்தார். நான் பெஞ்சுகளைப் பார்த்தேன். உளுந்தங்கஞ்சி மருமகள் இருந்தாள். அப்பாவைப் பற்றி நீ எழுதியதை வாசித்துவிட்டு உன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்ட வங்கி மேனேஜர் இருந்தார். எத்தனையோ வீட்டுக்காரர்கள். எல்லோரும் குனிந்திருந்தார்கள். ஒருவர், ஒரே ஒருவர், எழுந்து 'இவள் எங்கள் வீட்டுக்கு எழுதினாள்' என்று சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. அடக்கம் முடிந்து வாசலில் அந்த மேனேஜர் என்னிடம் வந்து, குரலைத் தாழ்த்தி, "இனி எங்க ஆளுவளுக்கும் நீங்கதானா?" என்று கேட்டார். ஆமாம், உன் பங்கும் இப்போது எனக்கே வருகிறது. சபைக்கு வேலை நிற்கவில்லை.

இன்று காலை அச்சக வாசலில் நின்று உன் அண்ணனுக்குப் போன் போட்டேன். மரியாதையாகத்தான் பேசினேன்.

"அது சபையில வாசிச்சதுதான சிஸ்டர். மாத்தாண்டாம்."

"மத்ததெல்லாம் இருக்கட்டும் அண்ணே. வீட்டில் இருந்தார்ங்கறத மட்டும் எடுத்துருங்க."

"எடுத்துட்டுப் பொறவு என்ன போடுகதுக்கு?"

கேலியில்லை, ஏட்டி. உண்மையாகவே கேட்டார். தெரியாமல் கேட்டார்.

"எழுதினாள்னு போடுங்க."

 அவருக்குப் பின்னால் ஏதோ லாரி போகிற ஒலி கேட்டது. "பேரு போட்ட புஸ்தகம் ஒண்ணும் இல்லியே சிஸ்டர்" என்றார்.

போனை வைத்துவிட்டேன். உள்ளே அச்சகக்காரர் காத்துக்கொண்டிருந்தார். "அக்கா, பிழை உண்டுமா? ஓட்டவா?" பிழையென்று நான் எதைக் காட்டுவது? ஓட்டச் சொன்னேன். என் முன்னாலேயே உன் தாள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தது.

அது ஓடி முடியும்வரை வாத்தியாரின் ப்ரூஃபைப் படித்துக்கொண்டிருந்தேன். நீ சொல்லிக் கொடுத்தபடி அஞ்சுகிராமத்திலும் அடுக்களைக்குத்தான் போனேன். யாரோடு பேசமாட்டார் என்று கேட்டேன். பிறகு, உன் அடக்கத்தன்றிலிருந்து நான் எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்வியைக் கேட்டேன். இது நீ சொல்லித் தந்ததல்ல. "வெளிய சொல்ல நீங்க கூச்சப்படுத வேலை ஏதாவது அப்பா செஞ்சாரா?"

வாத்தியாரின் மகள் அடுப்பைத் தணித்தாள். முன்னறைப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். தம்பி அங்கே ஆட்களோடு பேசிக்கொண்டிருந்தான். "ஸ்கூல் லீவு விட்டா அப்பா திருவனந்தபுரம் போயிருவாரு. டிரெய்னிங்குன்னு சொல்லுவாரு. அங்க ஒரு ஓட்டல்ல எச்சில் எல எடுத்தாரு. எங்க ரெண்டுபேரையும் படிக்கவைக்க." நான் பேனாவை மூடினேன். எழுதட்டுமா என்று கேட்டேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு, "போடுங்க" என்றாள். தம்பி சண்டை போட்டிருக்கிறான். அவள் விட்டுக்கொடுக்கவில்லை. ப்ரூஃபில் அந்த வரி இரண்டாம் பக்கத்தில் அப்படியே இருக்கிறது.

எல்லா வீட்டிலும் போடச் சொல்வதில்லை. பல வீடுகளில் அந்தக் கேள்விக்கு எழுந்து போய்விடுகிறார்கள். நான் கேட்பதை நிறுத்தவில்லை, சாகும்வரை கேட்பேன். உன் வீட்டு அடுக்களையில் மட்டும் அதற்குப் பதில் சொல்ல யாரும் இல்லை, மக்கா. பதிலையும் நானே எழுதிக் கொடுத்தேன். அது உன் அண்ணனின் சட்டைப்பையில் இருக்கிறது.