வாஷிங் மெஷினின் பிளக்

செவ்வாய், இரவு. மழை விடவில்லை.

அப்பாவை எனக்குப் பிடிக்கவில்லை. இங்கேயாவது அதை எழுதிக்கொள்கிறேன்.

மழை தொடங்கியதிலிருந்து, வாஷிங் மெஷினைப் போட்டாலே மெயின் போர்டில் இருக்கும் ஈ.எல்.சி.பி. சுவிட்ச் விழுந்து வீடு இருட்டாகிவிடுகிறது. மெஷினில் எங்கோ கரண்டு கசிகிறது, அதனால்தான் அது வெட்டுகிறது. இன்று கிரிக்கெட் மேட்ச் நடுவில் விழுந்தது. அப்பா ஸ்டூலில் ஏறி, அதை ஒதுக்கிவிட்டு வயரை நேராக இணைத்துவிட்டார்.

"இனிமே ஷாக் அடிச்சா எதுப்பா கரண்டை வெட்டும்?" என்று கேட்டேன்.

"பெரிய எஞ்சினியர் வந்துட்டா! வாயை மூடிண்டு போய்ப் படிடி."

சாயங்காலம் மெஷினைத் தொட்ட அம்மா கையை உதறினாள். "லேசாத்தான்டி இருந்தது. அப்பாகிட்ட சொல்லி வழக்கு உண்டாக்காதே, கேட்டியா?"

காலையில் ஈரக் காலோடு அம்மாதான் அதன் முன்னால் நிற்பாள்.

எல்லோரும் தூங்கிய பிறகு பிளக்கைப் பிடுங்கி, சமையலறைக் கத்தரியால் வயரிலிருந்து வெட்டி எடுத்துவிட்டேன். இப்போது அது என் தலையணை உறைக்குள் இருக்கிறது. எலி கடித்தது என்று சொல்லலாம். சொல்ல மாட்டேன். அப்பா அடிப்பார். அடித்துவிட்டு வேறு பிளக் மாட்டுவார்.

அதையும் வெட்டுவேன்.