பெட்டியைத் தொடாதவள் எழுதியது

முனீஸ்வரி அப்பாவுக்கு,

கதவில் ஒட்டினால் உங்கள் கண்ணில் படாது. அதனால் உங்கள் செல்லப்பிள்ளையின் தலையிலேயே, அதாவது இன்டர்நெட் பெட்டி மேலேயே, இதை ஒட்டியிருக்கிறேன்.

பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு நீங்களே கட்டிய பெட்டி. ஆயுத பூஜையிலிருந்து நெட் இல்லை. மூன்று நாளாகக் குளிக்காமல்கூட நெட்டுக்குக் காவல் நிற்கும் ஃபயர்வால் விதிகளை அழித்து அழித்து எழுதினீர்கள். கடைசியில், "நீதான் தூசி தட்டுறேன்னு எதையோ இழுத்துட்ட, இனிமே இதைத் தொடாத" என்று என் தலையில் பழியைப் போட்டுவிட்டு, புது வயர் வாங்க டவுனுக்குப் போய்விட்டீர்கள்.

பூஜைக்காக வயரை எல்லாம் கழற்றி, பெட்டியின் பின்பக்கம் முழுக்கச் சந்தனத்தை அப்பிய மகராசன் யார்? இன்றைக்கு ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தேன். வெளியிலிருந்து வரும் வயர் எந்தத் துளையில், வீட்டுக்குப் போகும் வயர் எந்தத் துளையில் என்று உங்கள் கையெழுத்திலேயே அங்கே சீட்டு ஒட்டியிருக்கிறது. இரண்டையும் மாற்றிச் செருகியிருக்கிறீர்கள். நான் சரியாக மாட்டினேன். ஒரே நிமிஷத்தில் நெட் வந்தது. உங்கள் ஃபயர்வாலும் என்னை ஒன்றும் சொல்லவில்லை.

பாளையம்பட்டியில் வளைகாப்பு, போய்விட்டு வருகிறேன். சீனியவரைக்காய்க் குழம்பு அடுப்படியில். காரம் குறைத்துத்தான் வைத்தேன், உங்கள் வயிற்றுக்காக. நாலு மணிக்கு முனீஸ்வரிக்கு நெட் வழியாக வேலைக்கான இன்டர்வியூ, அவளிடமும் கத்தாதீர்கள்.

தங்கலட்சுமி

சொல்ல மறந்துவிட்டேன்: நெட் வந்ததைப் பார்த்துவிட்டு, இரண்டு வயரையும் நீங்கள் செருகியிருந்தபடியே திரும்பச் செருகிவிட்டேன். தொடக்கூடாது என்றீர்களே.