தேதி போடாத பை

நாள் 4. காலை 07.10

நிலவின் தென்முனை, பனித்துளைக் கூடம். எழுதுவது ஆவுடை, துளைப்புப் பொறியாளர்.

நடைச்சுரங்கம் இடிந்து நான்கு நாள் ஆகிறது. நான் தனியாக இந்தப் பக்கம். கணவர் சுடலைமுத்துவும் நான்கு மாதக் குழந்தை தாமிராவும் இரண்டு கிலோமீட்டர் தள்ளிக் குடியிருப்பில். மீட்பு வண்டி வருவது இருபத்தொன்றாம் நாள்.

வானொலி வேலை செய்கிறது. பனி மாதிரிகளை அனுப்பும் காற்றுக்குழாயும் இருக்கிறது. ஒரு நாளைக்கு ஆறு பை தாய்ப்பால் போகும். பவுடர் பால் தாமிராவுக்கு ஒத்துக்கொள்ளாது. ஒருமுறை கொடுத்து, உடம்பெல்லாம் தடித்து, மூச்சே முட்டிவிட்டது.

மூன்று மணிக்கு ஒருமுறை பம்ப் வைக்கிறேன். எட்டுப் பை சேர்கிறது. ஆறு அனுப்பிவிட்டு இரண்டைக் குளிர்பெட்டியில் சேமிக்கிறேன். ஒவ்வொன்றிலும் தேதி. பழைய தேதியை முதலில் கொடுக்க வேண்டும், தேதி இல்லாததைக் கொடுக்கவே கூடாது என்று முத்துவிடம் பத்துத் தரமாவது சொல்லியிருப்பேன்.

நாள் 9. பகல் 13.30

தண்ணீர் பங்கு பாதியாகிவிட்டது. பால் ஏழு பைக்கு இறங்கிவிட்டது. சேமிப்பில் பத்து.

வானொலியில் முத்து: "ஏளா, பிள்ள நல்லாக் குடிக்கா. நீ ஒழுங்காச் சாப்பிடுதியா? இங்க நம்ம மல்லிச்செடி மொட்டு விட்டிருக்கு, தெரியுமா?"

பயிர்க்கூடம் அவர் பொறுப்பு. எல்லாரும் கீரை வளர்க்கச் சொன்னால், ஒரு மூலையில் மல்லி வைத்த மனிதர். சிரிப்பு வந்தது. உடனே அழுகையும் வந்தது.

நாள் 12. காலை 08.40

கண் சொருகுகிறது. கடைசிப் பையில் தேதி எழுதினேனா என்று நினைவில்லை. அனுப்பிவிட்டேன்.

நாள் 12. மாலை 17.15

சூரியப் புயல். வானொலியில் பாதி இரைச்சல்.

"ஏளா... பிள்ளைக்குக் காய்ச்சல்... காலைலருந்து... நீ மனசத் தளர விடாத... டப்பால வச்சிருக்கேன்..."

அதோடு போய்விட்டது. புயல் முடியும்வரை குழாயும் ஓடாது. அதற்குமுன் அங்கிருந்து கிளம்பிய டப்பா ஒன்று குழாயில் வந்து விழுந்தது. உள்ளே இரண்டே பொருள். நான் அனுப்பிய பை ஒன்று, பிரிக்காமலே. ஒரு முழம் மல்லிகை.

கடிதம் இல்லை. இதற்குக் கடிதம் எதற்கு? அக்காவின் பிள்ளை இறந்தபோது, பால் வற்றட்டும் என்று மார்பில் மல்லிகைதான் வைத்துக் கட்டினார்கள். மூன்றே நாளில் வற்றியது. எங்கள் வீட்டுப் பெண்களுக்கெல்லாம் தெரியும்.

அவர் வாயால் சொல்ல முடியவில்லை. பூவை அனுப்பிவிட்டார்.

நாள் 13. நேரம் பார்க்கவில்லை

பூவைக் கட்டிக்கொண்டேன். வலிக்கிறது. பம்ப் வைக்கவில்லை.

சேமித்த பைகளைப் பார்க்க முடியவில்லை. பிள்ளை குடிக்காத பாலைக் கால் மிதிபடாத இடத்தில் ஊற்றுவார்கள், செடி அடியில் அல்லது கிணற்றில். இங்கே கால்படாத இடம் ஒன்றுதான் தாராளம். கூடத்துக்கு வெளியே, வெயிலே படாத பெரும்பள்ளம். பதினைந்து பைகளையும், திரும்பி வந்ததையும், கழிவுச் சரிவில் தள்ளிவிட்டேன்.

தாமிரா. என் தாமிரா.

நாள் 15. காலை 09.20

புயல் ஓய்ந்தது. துணி நனையவில்லை. வற்றிவிட்டது.

நாள் 15. காலை 09.50

வானொலி உயிர்பெற்றது. பின்னால் ஒரு குழந்தை வீறிட்டு அழுகிறது.

"ஏளா! கேக்கா? காய்ச்சல் அன்னைக்கே விட்டுட்டு. பயப்படாதன்னு சொல்லுததுக்குள்ள லைன் போச்சு. ஒரு பையில தேதியே இல்ல, நீதான குடுக்கக் கூடாதுன்ன, அதான் திருப்பி அனுப்புனேன். கையிருப்பு முடிஞ்சு நேத்துலருந்து சக்கரத் தண்ணிதான், துவண்டு போயிட்டா. குழாயத் தொறந்துட்டேன், சீக்கிரம் பாலப் போடு."

கொஞ்சம் பொறுத்து: "பூ தலைல வச்சுக்கிட்டியா? மொதப் பூளா, உனக்குத்தான் கட்டுனேன்."

ஆண்பிள்ளை அவர். மல்லிகை பாலை வற்ற வைக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

"அனுப்புதேன்" என்று மட்டும் சொன்னேன்.

நாள் 15. காலை 10.30

பம்ப் வைத்தேன். பத்துச் சொட்டு. வண்டி வர இன்னும் ஆறு நாள். அவள் தாங்க மாட்டாள்.

பால் கெட்டிருக்காது. அந்தக் குளிரில் ஆயிரம் ஆண்டானாலும் கெடாது. பனி எடுத்துவரும் வாளி பள்ளத்தின் அடிவரை போகும். மேலே வந்ததை இயந்திரக் கை தானாகவே குழாயில் போடும். கீழே பொறுக்கிப் போட மட்டும் ஓர் ஆள் வேண்டும்.

வாளி இறங்க ஒன்றேகால் மணி நேரம். ஏறவும் அதே. உடையில் காற்று இரண்டு மணி நேரத்துக்குத்தான் இருக்கிறது.

10.55

பூவை அவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டேன். வாடிவிட்டது. பரவாயில்லை.

இதைப் படிப்பவர்களுக்கு: பதினைந்து பையிலும் தேதி இருக்கிறது. பழையதை முதலில் கொடுங்கள். தேதி இல்லாத பையும் நல்ல பால்தான், அது பன்னிரண்டாம் நாள் காலையில் எடுத்தது.