யாருடைய வாரம்?

ஜனவரி 8, ஞாயிறு. அம்மான்.

நவாத் ஊதிப்போய்விட்டது. மற்றவர்கள் தங்கள் மென்பொருளைக் கட்டிக்கொள்ள நானும் சுஹைரும் போட்ட அஸ்திவாரம் அது. அரபியில் பேரீச்சங்கொட்டை என்று பேர் வைத்துவிட்டுப் பூசணிக்காயாக வளர்த்திருக்கிறோம். இன்று குறுஞ்செய்தி, அச்சு, வார நாட்காட்டி மூன்றையும் வெட்டித் தனித்தனி ப்ளகின், அதாவது செருகு நிரல், ஆக்கினேன். வேண்டியவர்கள் போட்டுக்கொள்ளட்டும். நாட்காட்டி ப்ளகின் போடாவிட்டால் விடுமுறை சனி, ஞாயிறு; எங்கள் ஊர் வெள்ளி, சனி அல்ல.

நாட்காட்டி சுஹைர் எழுதியது. தாயாரின் கண் அறுவைக்காக விடுப்பில் இருக்கிறாள். கேட்கவில்லை.

ஜனவரி 10

வெளிநாட்டிலிருந்து நவாத்துக்கு நிரல் எழுதி உதவும் மார்ட்டென் பாராட்டி எழுதியிருக்கிறான். "வெள்ளிக்கிழமைச் சமாச்சாரமெல்லாம் மையத்தில் எதற்கு" என்று போன மாதம் கிண்டல் செய்தவன். நான்கு முறை படித்தேன்.

ஜனவரி 20, வெள்ளி

ஸர்காவில் சிறுநீரக மருத்துவமனையின் கணினியைப் பார்த்துக்கொள்ளும் ஹைதம் கூப்பிட்டான். புது நவாத் போட்டிருக்கிறான். அது வெள்ளியை வேலைநாள் என்று எண்ணி, பன்னிரண்டு பேரை இன்று ரத்தச் சுத்திகரிப்புக்கு வரச்சொல்லிவிட்டது. கதவு பூட்டியிருந்தது. அபூ ராகான் என்ற பெரியவர் மழையில் இரண்டு மணி நேரம் நின்று, மூச்சுத் திணறி, அரசு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருக்கிறார்.

வெளியீட்டுக் குறிப்பைப் படிக்கவில்லையா என்று எரிந்து விழுந்தேன்.

"படிச்சேண்ணே. நாட்காட்டியப் பத்தி அதுல ஒண்ணுமே இல்லியே."

இல்லைதான். குறுஞ்செய்தியைப் பற்றியும் அச்சைப் பற்றியும் எழுதினேன். இதை மட்டும் விட்டேன். மறதியா? இல்லை. சுஹைர் படிப்பாள் என்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்திருக்கிறேன். சீ.

ஜனவரி 21

பெரியவருக்குப் பரவாயில்லை. போய்ப் பார்த்தேன். நான்தான் காரணம் என்று சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. மழையில் வந்தாயே என்று என்னைக் கடிந்துகொண்டார். தலை தூக்க முடியவில்லை.

ஜனவரி 22

சுஹைர் திரும்பிவிட்டாள். எல்லாம் சொன்னேன், மார்ட்டென் விஷயம் உட்பட. கத்துவாள் என்று நினைத்தேன்.

"பிரிச்சது தப்பில்ல, முஹன்னத். எங்கிட்ட சொல்லியிருந்தா நானே பிரிச்சிருப்பேன். நீ கொட்டைய வச்சுக்கிட்டுப் பழத்தத் தூக்கி எறிஞ்சிட்ட." பிறகு, "வெள்ளிக்கிழமைன்னு சொல்ல உனக்கு அவ்வளவு கூச்சமா இருந்துச்சா?"

இருந்தது.

ஜனவரி 25

என்ன செய்தேன், எதை மறைத்தேன் என்று என் பெயரிலேயே எல்லோரும் பார்க்க எழுதிப் போட்டேன்.

பிப்ரவரி 2, வியாழன்

சுஹைர் மாற்றியமைத்த நவாத் இன்று வெளியானது. முன்பைவிட மெலிவு. இப்போது மையத்துக்கு எந்த வாரமும் தெரியாது. வெள்ளி–சனி ஒரு ப்ளகின், சனி–ஞாயிறு ஒரு ப்ளகின். ஒன்றைப் போடாமல் அது கிளம்பவே கிளம்பாது.

மாலையில் மார்ட்டென் எழுதியிருந்தான்: "சாதாரண வாரத்துக்குக்கூடவா தனியாக ஒரு ப்ளகின்?"

சுஹைர் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாதாரண வாரம் அவனுடையதுதான் என்று ஜனவரி எட்டாம் தேதி நானும் நினைத்தேன்.