யாரும் துடைக்காமல்

ஷார்விக் பண்ணை,
9 ஜூன் 1974

ஆக்டாவுக்கு,

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. நாற்பத்து மூன்று வருஷமாக விசாரிக்காதவளுக்கு இன்று என்ன கரிசனம் என்று நீயே நம்பமாட்டாய். ஒரு கேள்வி இருக்கிறது. அதற்குப் பதில் வந்தால் போதும்.

நம் உருளைக்கிழங்குத் தோட்டத்துக்கு மேலே, கப்பல் செதுக்கிய பாறையின் அடியில், அருங்காட்சியகத்து ஆட்கள் ஒரு மாதமாகத் தோண்டுகிறார்கள். அவர்களுக்குத் தலைவி குனில்லா என்கிற பெண். கல்லோடு பேசுகிறவள் போல நாள் முழுக்க முழங்காலில் நிற்கிறாள். நான் காப்பி கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அந்தக் கப்பல்களைச் செதுக்கி மூவாயிரம் வருஷம் ஆகிறதாம். அப்போது கடல் நம் தோட்டம்வரை இருந்ததாம். பாறை ஓரத்தில் அடுப்புக் கரி நிறையக் கிடைத்திருக்கிறது.

"தெக்லாம்மா, இவங்க கூட்டமா வந்து, இங்கேயே சமைச்சுச் சாப்பிட்டிருக்காங்க" என்றாள்.

"பின்னே, பட்டினியாவா கல்லு கொத்துவாங்க? எங்கப்பா கல்லுடைக்கப் போனா மீன் ஒரு சட்டி, ரொட்டி ஒரு அடுக்கு வேணும்" என்றேன்.

பெரிய கப்பலில் நிற்கிற கோடுகள் ஒவ்வொன்றும் ஓர் ஆளாம். கடைசிக் கோடு மட்டும் வேறு கை, வேறு உளி, பிற்பாடு கொத்தியது என்று விரலால் தடவிக் காட்டினாள். கப்பலைச் சுற்றியிருக்கும் குழிகள் எதற்கு என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை. அந்தக் காலத்தில் கொத்தினவன் மனசு எனக்கும் தெரியாது. நம் அம்மா காலத்தில் அவை குறளிகள் மாவரைக்கும் குழிகள். குழந்தைக்கு நோய் வந்தால் வெண்ணெய் தடவி, ஓர் ஊசியை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வரவேண்டும். பெரிய கப்பலை ஒட்டிய குழியில் நானும் வைத்திருக்கிறேன் என்றேன். அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு ஒரு தகரப் பெட்டியைத் திறந்தாள்.

அந்தக் குழிக்கு நேர் கீழே மண்ணில் கிடைத்தவை இரண்டு. ஒன்று என் பித்தளை ஊசி. இன்னொன்று சட்டையில் குத்தும் வெள்ளி புரோச், இதய வடிவம், ஓரத்தில் ஒரு பூவிதழ் உடைந்தது.

"இது யாரோடதுன்னு தெரியுமா?"

தெரியாது என்று பொய் சொன்னேன். தேவாலயத்தில் உன் திடப்படுத்தல் சடங்குக்கு அம்மா கொடுத்தது அது. வைக்கோல் வாருகையில் தொலைத்தேன் என்று கிறிஸ்துமஸுக்கு அழுதாய். கூட வாரியவள் நான் என்று அம்மா என்னைத்தான் திட்டினாள். நான் மறக்கவில்லை.

வேறு எதையும் மறக்கவில்லை. என் மகன் எவெர்ட்டுக்கு அப்போது மூன்று வயது, கக்குவான் இருமல். நான் வெண்ணெய் வைத்ததை நீ பாதிரியாரிடம் சொன்னாய். ஞாயிற்றுக்கிழமை அவர் பிரசங்க மேடையிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டே, "நம்மில் ஒருத்தி கல்லுக்குப் படைக்கிறாள்" என்றார். அன்று மத்தியானம் நீ நீலப்புள்ளி ஏப்ரனால் அந்தக் குழியைத் துடைத்து, ஊசியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாய். தோட்டத்தில் குனிந்திருந்த நான் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை எவெர்ட் போய்விட்டான்.

நீ எடுத்த ஊசி திரும்பவும் அங்கே எப்படி வந்தது? உன் புரோச் அதன் பக்கத்தில் என்ன செய்கிறது?

தெக்லா


உத்தேவல்லா,
15 ஜூன் 1974

அன்புள்ள தெக்லா அக்காவுக்கு,

உறையைப் பார்த்ததுமே தெரிந்தது. உன் பேனா இன்னும் காகிதத்தைக் கிழிக்கிறது.

பாதிரியாரிடம் சொன்னது நான்தான். துடைத்ததும் நான்தான். பத்தொன்பது வயது எனக்கு. நீ வைத்த வெண்ணெய்க்காகக் கடவுள் குழந்தையைத் தண்டித்துவிடுவார் என்று நிஜமாகவே பயந்தேன்.

திங்கட்கிழமை மாலை எவெர்ட்டைப் பார்க்க வந்தேன். நீ கதவைத் திறக்கவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். உதடு நீலமாக இருந்தது. முழங்காலில் நின்று ஜெபித்தேன். ஜெபித்தபடியே எழுந்து, அம்மாவின் வெண்ணெய்ச் சட்டியிலிருந்து கைநிறைய அள்ளிக்கொண்டு பாறைக்கு ஓடினேன். நீ தடவியதைவிட அதிகம் தடவினேன். உன் ஊசியைத் திரும்ப வைத்தேன். அது போதாது என்று தோன்றியது. என்னிடம் இருந்ததில் பெரியது அந்த புரோச்தான்.

மறுநாள் அவன் போனான். குழியை ஒரு நாள் காலியாக வைத்ததாலா, திரும்ப நிரப்பியதாலா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. உன்னிடம் சொல்ல வந்தால், "அப்புறம் ஏன்டி துடைச்சே?" என்று கேட்பாய். அதனால்தான் வரவில்லை.

27ஆம் தேதி வியாழக்கிழமை எனக்கு வயிற்றில் அறுவைச் சிகிச்சை. திறந்து பார்த்தால்தான் தெரியும் என்கிறார் டாக்டர். பரிதாபப்படச் சொல்லவில்லை. அதற்கு முன்னால் உனக்கு இது தெரியவேண்டும். புரோச்சை உன் பேத்திக்குக் கொடு.

உன் தங்கை,
ஆக்டா


ஷார்விக் பண்ணை,
24 ஜூன் 1974

ஆக்டா,

கோடைத் திருநாளுக்கு முந்தின நாள் உன் கடிதம் வந்தது. புது உருளைக்கிழங்கும் ஹெர்ரிங் மீனும் சாப்பிட்டு முடிக்கும்வரை பிரிக்கவில்லை. அப்புறம் மூன்று தடவை படித்தேன்.

மன்னித்தேன் என்றெல்லாம் எனக்குச் சொல்ல வராது. அந்தப் பிரசங்கம் முழுக்க இன்னும் மனப்பாடம், நீ வந்தால் ஒப்பிக்கிறேன். அந்த ஞாயிறையும் செவ்வாயையும் இத்தனை வருஷம் வைத்திருந்தேன். நடுவில் ஒரு திங்கட்கிழமை இருந்தது எனக்குத் தெரியாது. கதவைத் திறக்காதது நான். அதையும் இனி வைத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

இன்று காலை குனில்லாவிடம் உண்மையைச் சொன்னேன். "ரெண்டு பேரு வச்சது. ஒண்ணு நான், ஒண்ணு என் தங்கச்சி. ஒரே புள்ளைக்கு."

அவள் தகரப் பெட்டியைத் திறந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பிறகு, "இந்தப் பாறையில ஒத்தை ஆள் வேலைன்னு எதுவுமே இல்ல தெக்லாம்மா. ஒருத்தர் தொடங்கினதுக்கு மேல இன்னொருத்தர் வந்து சேர்த்திருக்காங்க" என்றாள்.

"அந்தக் கடைசிக் கோட்டை ஏன் பிற்பாடு சேர்த்தாங்க?"

"தெரியல."

"சண்டை போட்டுட்டுப் போயிருப்பான். திரும்பி வந்திருப்பான். எடம் விட்டிருப்பாங்க."

சிரித்துவிட்டு, இதை அறிக்கையில் எழுத முடியாது என்றாள். உன் அறிக்கைக்கு என்ன தெரியும் என்றேன்.

வீட்டில் மார்கரின்தான் இருந்தது. பாறையை ஏமாற்றக்கூடாது என்று கடைவரை நடந்துபோய் நிஜ வெண்ணெய் வாங்கி வந்தேன். தோண்டுகிற அத்தனை பேரும் பார்க்க, அதே குழியில் தடவினேன். "யாருக்கு?" என்றாள் குனில்லா. "எழுதிக்கோ. ஜூன் இருபத்து நாலு. தங்கச்சிக்கு" என்றேன். உன் புரோச்சைக் கேட்டு வாங்கி அதன்மேல் வைத்திருக்கிறேன். பேத்திக்கு வேறு பார்த்துக்கொள்ளலாம். நீயே வந்து எடுத்துக்கொள்.

ஆடுகள் நக்கிவிடும் என்று கீழ் மேய்ச்சலுக்கு ஓட்டிவிட்டேன். வியாழக்கிழமை முழுக்கத் தோட்டத்தில்தான் இருப்பேன், பாறையைப் பார்த்துக்கொண்டு. இந்தத் தடவை யாரும் துடைக்கமாட்டார்கள்.

அக்கா